இறக்கத்தில் நியூட்ரல்

தேய்ந்துபோன ஓர் எஞ்சினை நல்ல எஞ்சின் என்று சொல்லி, என்னை நம்பிய ஒரு லாரி டிரைவரை அந்தக் காரை வாங்க வைத்தேன். தெரியாமல் சொல்லவில்லை. அந்த எஞ்சினை நானே திறந்து பார்த்திருந்தேன். சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினால் மேல் விளிம்பில் நகம் இடறியது. அவ்வளவு தேய்மானம். அதற்குப் பிறகும் சொன்னேன். அந்தப் பொய்யில் வேறு யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு வழியில்லை.

அறுபதுகளின் கடைசி அது. மதுரையில் பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்து தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன். முப்பது வயதுதான். டிப்ளமோவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். அந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் எல்லாரும் கையால் பழகித் தொழில் கற்றவர்கள். புத்தகம் படித்தவன் நான் ஒருவன். அதனால் பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நான் எஞ்சின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினால் வாங்குவார்கள். உதட்டைப் பிதுக்கினால் திரும்பி வந்துவிடுவார்கள். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

போடியில் ஏலக்காய் எஸ்டேட் வைத்திருந்த முதலாளி ஒருவரிடம் பெரிய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. மேலே வெள்ளை, கீழே பச்சை. கதவைச் சாத்தினால் பெட்டகத்தை மூடியது போல ஒரு சத்தம் வரும். பின் சீட்டில் நான்கு பேர் கால் நீட்டி உட்காரலாம். மைல் மீட்டர் ஒரு லட்சத்தைத் தொட்டுப் பூஜ்யத்துக்கு வந்து, இரண்டாம் சுற்றில் எழுபதாயிரத்தையும் தாண்டியிருந்தது. அவர் அதை விற்றுவிட்டுச் சின்ன வண்டி வாங்க நினைத்தார்.

என் ஷெட்டுக்கு அனுப்பினார். நான் பார்த்துவிட்டு, சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டனும் ரிங்கும் போட்டு விற்றால் வாங்குகிறவருக்குப் பத்து வருடம் ஓடும் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "விக்கப்போற வீட்டுக்கு வெள்ளைதான் அடிப்பாக. அஸ்திவாரத்தையா தோண்டுவாக? நீ ஒரு ஆளப் பாத்துத் தள்ளி விடு. எஸ்டேட் ஜீப்பு, லாரி எல்லாம் இனிமே ஒன் ஷெட்டுக்குத்தான் வரும்."

வெள்ளையடித்தேன். மைல் மீட்டரைக் கழற்றி நாற்பதாயிரத்தில் நிறுத்தினேன். எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டு, கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். கெட்டி எண்ணெய் தேய்ந்த இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். புகை குறையும், சத்தம் அடங்கும், ஆயில் பிரஷர் முள் நிமிர்ந்து நிற்கும். சில வாரங்களுக்கு.

வாங்க வந்தவர் சின்னமனூர்க்காரர். பதினெட்டு வருடம் வாழைக்காய் லாரி ஓட்டியவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவர் ஓட்டிய லாரிகளை நான் பழுது பார்த்திருக்கிறேன். முதுகுவலி வந்துவிட்டது, இனி லாரி முடியாது என்று, கல்யாணத்துக்கு வாடகைக்கு விட ஒரு பெரிய காராகத் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த மாதிரி ஒரு கார் வந்து நின்றால்தான் கல்யாணம் என்று ஊரில் பேர். சின்னமனூரிலிருந்து கம்பம் வரை அப்படி ஒரு வண்டி வாடகைக்குக் கிடையாது. மனைவிக்கு அவள் தகப்பன் கொடுத்த வாழைத் தோட்டத்தை விற்றுத்தான் வாங்க வந்தார். அதனால் அந்த அம்மாவும் கூடவே வந்தது.

எங்கள் பள்ளத்தாக்கில் பழைய கார் வாங்குவதற்கு ஒரு பரீட்சை உண்டு. மலையடிவாரத்து முந்தலில் இருந்து மலையுச்சிப் போடிமெட்டுக்கு ஏற்றிப் பார்ப்பார்கள். நடுவில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றாமல் மெட்டுக்குப் போய்விட்டால் எஞ்சின் நல்ல எஞ்சின். அதற்கு மேல் யாரும் எதுவும் பார்ப்பதில்லை. மெட்டில் டீ குடித்துவிட்டு அங்கேயே விலையை முடித்துவிடுவார்கள். ஏற்றம்தான் எஞ்சினுக்குச் சோதனை என்று எல்லாரும் நம்பினார்கள். அதிலிருக்கும் ஓட்டை எனக்குத் தெரியும். குளிர்ந்த காலை நேரத்தில், கெட்டி எண்ணெயோடு, ஆறு சிலிண்டர் வண்டி எப்படியும் ஏறிவிடும். தேய்மானம் தெரிவது இறக்கத்தில். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே நெடுந்தூரம் இறங்கினால், தேய்ந்த ரிங்குகளைத் தாண்டி எண்ணெய் மேலே உறிஞ்சப்படும். கீழே வந்து ஒரு மிதி மிதித்தால் பின்னால் நீலப் புகை மேகம் மாதிரி கிளம்பும். அதை மறைக்க எந்த எண்ணெயாலும் முடியாது.

ஏறும்போது அவர் ஓட்டினார். அந்த அம்மா பின்னால் தனியாக உட்கார்ந்து வந்தது.

"மெத்த மாதிரில்ல இருக்கு. பொண்ணு மாப்பிள்ள தாலி கட்டுறதுக்கு முன்னாடியே தூங்கிருவாக போலயே."

"நீ தூங்கிராத. ஒந் தோட்டம் ஓடுறத முழிச்சிருந்து பாரு" என்றார் அவர்.

மெட்டு வந்ததும் இறங்கி பானெட்டைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணி கேக்காம ஏறிருச்சே தம்பி" என்றார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இறங்கும்போது நான் ஓட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டேன். முதல் வளைவிலேயே நியூட்ரலில் தள்ளினேன்.

"கனமான வண்டி. கியர்ல எறங்குங்க தம்பி" என்றார்.

"இது லாரி இல்லண்ணே, பெட்ரோல் வண்டி. நியூட்ரல்ல விட்டா சொட்டு பெட்ரோல் செலவாகாது. சொந்த வண்டி ஓட்டப்போறீக, இதெல்லாம் பழகிக்கங்க."

அப்போது மலையிறங்கும் கார்க்காரர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்வார்கள். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னது: "பாத்தீகளா. படிச்சவுக படிச்சவுகதான்."

முந்தலுக்கு வந்தபோது பிரேக் கருகிய வாடை அடித்தது. அவர் மூக்கைச் சுளித்தார். வண்டியை நிழலில் நிறுத்தினேன். அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்கு டீசல் வண்டி தெரியும் தம்பி. இது தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. வேணாம்னா இப்பிடியே பஸ் ஏறிப் போயிருறோம்."

"நல்ல எஞ்சின்ணே. இன்னும் அம்பதாயிரம் மைலுக்குக் கை வைக்க வேண்டாம்" என்றேன்.

இன்றைக்கும் பழைய வெளிநாட்டுக் கார் வாங்கப்போகும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்து, எத்தனை மைல் ஓடியிருந்தால் வாங்கலாம் என்று கேட்கிறார்கள். மைல் பெரிய விஷயமில்லை என்று சொல்லுகிறேன். ஒழுங்காக எண்ணெய் மாற்றி, சமவெளியில் ஓடிய வண்டி ஒன்றரை லட்சம் மைலிலும் திடமாக இருக்கும். தினம் மலையேறி, எண்ணெயைக் கவனிக்காமல் விட்ட வண்டி ஐம்பதாயிரத்தில் முடிந்துவிடும். எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட யார் கையில் ஓடியது என்று கேளுங்கள்; எஞ்சின் சூடாக இருக்கும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்; இறக்கத்தில் பாருங்கள் என்று சொல்வேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். தேய்மானத்தைச் சொல்லி, முதலாளியிடம் விலையைக் குறைக்கச் சொல்லி, அந்த மிச்சத்தில் எஞ்சினை நானே கடைந்து கொடுத்திருந்தால் அவருக்கும் நல்ல வண்டி, எனக்கும் நல்ல பேர். உண்மையைச் சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

முதல் இரண்டு மாதம் அவர் ராஜா மாதிரி இருந்தார். தை, மாசி முகூர்த்தங்களில் வண்டிக்கு ஓய்வில்லை. கார் ஸ்டாண்டில் அவர் வண்டியைச் சுற்றிக் கூட்டம். பிறகு ஒரு நாள் என் ஷெட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஆயில் முள்ளு கீழ விழுகுது. சூடாயிருச்சுன்னா தரையத் தொட்டுருது."

அவர் வழக்கமான எண்ணெயை ஊற்றி ஊற்றி, நான் கலந்த கெட்டி எண்ணெய் நீர்த்துப்போயிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். எண்ணெய்த் தட்டைக் கழற்றி பேரிங்கைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதைக் கழற்றினால் எல்லாமே வெளியே வந்துவிடும் என்று பயந்தேன்.

"கேஜ் கெட்டுப்போச்சுண்ணே. பழைய அமெரிக்க வண்டியில எல்லாத்துலயும் இப்பிடித்தான். கண்டுக்காதீக" என்று சொல்லி அந்தக் கேஜின் இணைப்பையே கழற்றிவிட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, என்னை அதே வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து வைகாசி முகூர்த்தம். உத்தமபாளையத்தில் பெண்ணை ஏற்றிக்கொண்டு கூடலூருக்குப் போகிறார். கம்பம் தாண்டி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில், எஞ்சினுக்குள் சம்மட்டியால் அடிப்பது போல ஒரு சத்தம். பேரிங் பிடித்து, கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோட்டில் எண்ணெய் ஆறாக ஓடியது. நல்லவேளையாக யாருக்கும் அடிபடவில்லை. பெண்ணை, தக்காளிக் கூடை ஏற்றிவந்த ஒரு லாரியில் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். முகூர்த்தம் தவறவில்லை. பெண் அழுதுகொண்டே இறங்கியதாகச் சொன்னார்கள். அந்தப் பெண்ணை நான் பிற்காலத்தில் பார்த்திருக்கிறேன், நன்றாக வாழ்ந்தது. ஆனால் அன்றைக்கு ஊர் சொன்னது வேறு. மணப்பெண்ணை நடுரோட்டில் இறக்கிவிட்ட வண்டி, ராசி கெட்ட டிரைவர் என்றது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து என் ஷெட்டில் விட்டார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஒங்க மேல தப்பு இல்ல தம்பி. சோசியர் அப்பவே சொன்னாரு. எனக்கு ஏழரைச் சனி ஓடுது. இன்னும் ரெண்டரை வருசம் இருக்கு. இரும்பு தொடாதன்னாரு, நான் கேக்கல. நல்ல எஞ்சின். எங் கைக்கு வந்துதான் கெட்டுப்போச்சு."

நான் சும்மா இருந்தேன். விற்றதைவிட, கேஜைக் கழற்றியதைவிட, அந்தச் சும்மா இருந்ததுதான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். நான் செய்ததை அவர் தன் ஜாதகத்தில் எழுதிக்கொண்டார். நானும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஸ்டீயரிங் பிடிப்பதையே அவர் விட்டுவிட்டார். வாழைக்காய் மண்டியில் தார் எண்ணுகிற வேலைக்குப் போனார். ஸ்டாண்டில் டிரைவர்கள் அவர் காருக்குக் காக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள், சனீஸ்வரனுக்கு வாகனம் என்று; போகப்போக அவரையும் அப்படியே கூப்பிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனால், "என்னண்ணே, காக்கா எப்பப் பறக்கும்?" என்று கேட்பார்கள். இதைவிட மோசம், அவர் மகளுக்கு ஒரு இடம் பேசி முடித்திருந்தது. என் தெசை முடியட்டும், இப்போது நான் எதைத் தொட்டாலும் விளங்காது என்று கல்யாணத்தைத் தள்ளிவைத்தார். ரெண்டரை வருடம் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டார் தயாராக இல்லை. வேறு இடம் பார்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அந்த அம்மா ஒரு நாள் தேனி மார்க்கெட்டில் என்னைப் பார்த்து, "நீங்க சொன்னாக் கேப்பாக தம்பி. கல்யாணத்த நிறுத்த வேணாம்னு எடுத்துச் சொல்லுங்க" என்றது. சொல்கிறேன் மதினி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டார். ஆறு மாதம் ஒரு வாரம் தவறவில்லை. ஒரு சனிக்கிழமை என்னை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடச் சொன்னார். கோயிலில் நல்ல கூட்டம். கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெயில் நனைத்து ஏற்றினார். மடியிலிருந்து இன்னொரு முடிச்சை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் ஒண்ணு போடுங்க தம்பி. ஒங்க ஷெட்ல நின்ன வண்டிதான. எங் கிரகம் ஒங்களப் பிடிச்சிரக் கூடாது."

அந்த முடிச்சை என்னால் வாங்க முடியவில்லை. அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மைல் மீட்டர், கெட்டி எண்ணெய், இறக்கத்தில் நியூட்ரல், ஆயில் கேஜ், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

"அப்ப எங் கை சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"ஒங்க கையில ஒரு தப்பும் இல்லண்ணே. அந்த எஞ்சினை வேற யார் ஓட்டியிருந்தாலும் அதுக்கு முன்னாடியே உடைஞ்சிருக்கும். நீங்க ஓட்டுனதுனாலதான் அவ்வளவு நாள் வந்துச்சு."

மறுபடியும் கைகளை விரித்துப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆறு மாசமா எள்ளு முடிஞ்சு வெரலெல்லாம் கறுத்துப்போச்சு. சரி, சாமிக்குப் போட்ட எண்ண வீணாப் போகாது. எந்திரிங்க. இத எம் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டா. ஒங்க மேல அம்புட்டு மரியாத."

அந்த அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தது. நான் சொல்லி முடிக்கும்வரை புடைப்பதை நிறுத்தவில்லை. முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தது.

"கேஜக் கழத்துனீகளே, அன்னைக்கு எங்க வீட்லதான சாப்ட்டுட்டுப் போனீக?"

"ஆமா மதினி."

"மதினின்னு சொல்லாதீக சார்."

அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிட்டது. அதற்குப் பிறகு எப்போதும் சார்தான்.

"எஞ்சின ரிப்பேர் பண்ணித் தாறேன்னு சொல்லுவீக. பண்ணுங்க, அது ஒங்க கடம. அது முக்கியமில்ல. எம் புருசன ஸ்டாண்டுல காக்கான்னு கூப்புடுறாய்ங்க. நாளைக்கு எம் மகளக் கட்டப்போறவன் வீட்லயும் அதத்தான் சொல்லுவாக. இங்கன அடுப்படியில வந்து எங்கிட்டச் சொன்னா ஆச்சா? அங்கன போய்ச் சொல்லுங்க. எல்லாரும் இருக்கைல சொல்லுங்க. ஒங்க டிப்ளமாவையும் கழத்திக் கொண்டாந்து கையில வச்சுக்கிட்டுச் சொல்லுங்க."

கடைசியில் சொன்னதைக் கோபத்தில் சொன்னது என்று அண்ணன் சமாதானம் செய்தார். டிப்ளமோவைக் கொண்டுபோகவில்லை. மற்றதைச் செய்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சின்னமனூர் ஸ்டாண்டில் பத்துப் பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். புளியமரத்தடியில் நின்று சொன்னேன். முதலில் நான் வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து கிட்டே வந்தார்கள்.

காக்கா என்று பேர் வைத்த டிரைவர்தான் முதலில் பேசினான். "அப்ப எங்க வண்டிகளுக்கு என்னென்ன பண்ணி வச்சிருக்கீக?"

"ஒண்ணும் பண்ணல."

"அந்தாளுகிட்டயும் அப்பிடித்தான சொன்னீக?"

இன்னொருவர், வயதானவர், பீடியைத் தரையில் தேய்த்துவிட்டுச் சொன்னார்: "பேசுனது போதும்டா. நாமளும் ஆறு மாசமா அவனப் பேசுன பேச்சு என்ன லேசா? அவன் இந்தப் பக்கம் வந்தா ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க."

அடுத்த வாரமே செய்தி போடிக்குப் போய்விட்டது. எஸ்டேட் ஜீப்புகள் எதுவும் பிறகு என் ஷெட்டுக்கு வரவில்லை. முதலாளி ஆள் விட்டு, "படிச்சவனுக்கு வாய் எதுக்கு?" என்று கேட்டனுப்பினார். சின்னமனூர் டிரைவர்களும் ஏழெட்டு மாதம் எட்டிப் பார்க்கவில்லை. ஷெட்டில் வேலையில்லாத நாட்கள் அவை. அந்த நாட்களில் அந்த ஒரு காரைத்தான் பார்த்தேன்.

முதலில் அந்த எஞ்சினையே பிழைக்க வைக்க முயன்றேன். உடைந்த பிளாக்கை மதுரைக்குக் கொண்டுபோய் வெல்டிங் வைத்து, சிலிண்டருக்கு ஸ்லீவ் என்கிற உள்சட்டை இறக்கி, கிடைக்காத பிஸ்டனுக்குப் பதிலாக வேறு வண்டியின் பிஸ்டனை லேத்தில் கடைந்து போட்டேன். புத்தகத்தில் படித்ததை எல்லாம் செய்தேன். நானே ஓட்டிப் பார்த்தேன், அழகாக ஓடியது. பதினொன்றாவது நாள் வெல்டிங் விட்டது. எண்ணெயில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி வந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "விடுங்க தம்பி, செத்தத எத்தன தடவ எழுப்புவீக?" என்றார்.

என் மோட்டார் சைக்கிளை விற்றேன். கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப் பக்கம் கவிழ்ந்துபோன ஒரு வேனின் டீசல் எஞ்சின் விலைக்கு வந்தது. இந்தத் தடவை நான் தலையாட்டவில்லை. "நீங்க கேட்டுப் பாத்துச் சொல்லுங்கண்ணே. டீசல் ஒங்களுக்குத் தெரியும்" என்றேன். அவர் தனியாக அரைமணி நேரம் அதோடு இருந்தார். ஆயில் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். போதாதென்று, பழனிசெட்டிபட்டியிலிருந்து வேறு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தும் காட்டினார். நான் ஒதுங்கி நின்றேன். நியாயம்தான். அதற்குப் பிறகு நான் எந்தப் பழுதைச் சொன்னாலும் அவர் இன்னொருவரிடம் கேட்டுக்கொண்டார். அவர் அந்த வண்டியை ஓட்டிய இருபது வருடமும் அப்படித்தான். அதையும் நான் குறையாக நினைக்கவில்லை.

டீசல் எஞ்சினை அந்தக் காருக்குள் உட்கார வைக்க நாலு மாதம் ஆனது. தாங்கிகளை மாற்றி, முன்பக்க ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கி, கியர் பெட்டியை இணைக்க ஒரு தகடு அடித்து, ஒவ்வொன்றாகச் செய்தோம். ஸ்டார்ட் செய்தபோது அந்தப் பட்டு மாதிரி வண்டி லாரி மாதிரி உறுமியது. என் முகம் விழுந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் இது எனக்குத் தெரிஞ்ச பாஷ பேசுது" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அன்றைக்குத்தான் ஸ்டீயரிங்கைத் தொட்டார். தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தார். இறங்கும்போது சட்டை நனைந்திருந்தது. மறுநாள் கம்பம் வரை போனார்.

சத்தத்தைப் பார்த்துக் கல்யாண வீட்டார் யோசித்தார்கள். முதல் சில முகூர்த்தங்களுக்கு அழைப்பில்லை. உடம்புக்கு முடியாதவர்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கேட்டு வந்தார்கள். பின் சீட்டில் ஆளைப் படுக்க வைக்கலாம் என்பதால் அது நல்ல தொழிலாக அமைந்தது. பெட்ரோல் விலை எகிறிய வருடங்களில் மற்ற பெரிய கார்கள் எல்லாம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நின்றபோது இவர் வண்டி மட்டும் ஓடியது. பிறகு கல்யாணங்களும் வந்தன. ஸ்டாண்டில் காக்கா என்ற பேர் போகவில்லைதான். ஆனால் வேறு தொனியில் சொன்னார்கள். "காக்கா மதுரைக்குப் போயிருக்கு, சாயங்காலம் வந்துரும்" என்பார்கள்.

மகள் கல்யாணத்துக்கு ரெண்டரை வருடம் ஆகவில்லை. நான் ஸ்டாண்டில் பேசிய அடுத்த மாதமே, மாப்பிள்ளையின் தகப்பனார், நடந்ததைக் கேள்விப்பட்டுத் தானாக வந்து தேதி கேட்டாராம். இருந்தாலும் அண்ணன், என் வண்டி ஓடட்டும், மகளை அதில்தான் கூட்டிப்போவேன் என்று சொல்லிவிட்டார். எஞ்சின் மாற்றி முடித்த ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள்.

பத்திரிகை கொடுக்க அந்த அம்மா மட்டும் வந்தது. வெற்றிலைத் தட்டை என் மேஜை மேல் வைத்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், பொண்ணு கார்ல நீங்க முன் சீட்ல வரணும். வீட்ல எல்லாரும் பஸ்ல வாரோம். வண்டி வழியில நின்னுச்சுன்னா நீங்கதான் எறங்கித் தள்ளணும். வேட்டி கட்டாதீக, தள்ள வசதியா பேன்ட் போட்டு வாங்க."

சரியென்று சொன்னேன். அந்த அம்மாவின் வாயோரத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது; நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சின்னமனூரிலிருந்து போடிக்குப் போனோம். பேன்ட்தான் போட்டிருந்தேன். அண்ணன் ஓட்டினார், பின்னால் பெண்ணும் தோழிகளும். வழிநெடுக நான் எஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தேன். பெண் பின்னாலிருந்து, "சித்தப்பா ஏன் பேசாம வாராக?" என்று கேட்டது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "அவரு வேலையில இருக்காரும்மா" என்றார். மண்டப வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கிப் போய் மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்ட அந்த அம்மா ஆரத்தித் தட்டோடு படியில் நின்றது. மகளுக்குச் சுற்றியது. காருக்கும் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு என் பக்கம் திரும்பி, "உள்ள போய் மொதப் பந்தியில ஒக்காருங்க சார்" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளை வீட்டாரைக் கூப்பிடப் போய்விட்டது.